ஏழு பாய், எண்பத்து நாலு முறை

— தலைவரே, இது வலை இல்ல, யோகா. யோகாவை எப்படிங்க முறை போட்டுக் கொடுப்பீங்க?

— ஏன் குடுக்கக் கூடாது டீச்சரம்மா? இந்தக் குப்பத்துக்குள்ள எது வந்தாலும் முறைதான். ஏரியில எறா புடிக்கிற எடம் முறை. புயலுக்கு வந்த தார்ப்பா முறை. எவனோ ஒரே ஒரு மிக்சி குடுத்தான், அதுகூட வூட்டுக்குப் பத்து நாளுன்னு சுத்தி வந்துச்சு. இப்ப நீ வந்துக்கிற. உனுக்கும் முறை.

— நான் மிக்சி இல்லைங்க.

— அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா. நாயம்னா எல்லாத்துக்கும் ஒரே நாயம்தான். லோகநாதன் தலைவரா இருக்கிற வரிக்கும் இந்த ஊர்ல ஒருத்தனுக்கு ஜாஸ்தி, ஒருத்தனுக்குக் கம்மின்னு கெடையாது.

— டிரஸ்ட் அனுப்பின லெட்டர் உங்க பையிலதான் இருக்கு. ‘மீனவ கிராம வீராங்கனைகளுக்கு யோகா.’ ஏழு கபடிப் பொண்ணுங்க, நாற்பது நாள், தினமும் அதே ஏழு பேர். அதை நம்பித்தான் அம்பத்தூர்ல இருந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, இந்தப் புயல் பில்டிங் மாடியில ஏழு பாய் விரிச்சேன். முதல் நாள் காலையில ஆறு மணிக்குப் படியேறி வந்தது யாரு தெரியுமா? குப்பன். அறுபத்திரண்டு வயசு. காதுல பீடி.

— அவன் தலைக்கட்டு நெம்பர் ஒண்ணு. அவன்தான் மொதல்ல வரணும்.

— அந்தத் தலைக்கட்டுக் கணக்குதான் எனக்கு இன்னும் பிடிபடல.

— இன்னாமா, பன்னெண்டு நாளா இங்க கீற, இது தெரியாதா? கல்யாணம் ஆன ஆம்பள, ஊருக்கு வரி கட்டுறவன், அவன் ஒரு தலைக்கட்டு. நம்ம ஊர்ல எம்பத்து நாலு பேரு. எல்லார் பேரும் பாடு நோட்டுல கீது. பாடுன்னா ஏரியில வலை கட்ற எடம். வடக்குப் பாடு, நடுப் பாடு, ஓடைப் பாடுன்னு ஆளாளுக்கு நாள் போட்டு, முறை வெச்சு எறங்குவோம். அதே நோட்டுதான் உனுக்கும். எம்பத்து நாலு பேரு, ஏழு பாயி. பன்னெண்டு நாள்ல நேத்தோட ஒரு சுத்து முடிஞ்சுது. ஒரு சண்டை உண்டா?

— முதல் நாளே பாய்க்குச் சண்டை வந்து, நீங்கதான் சீட்டு குலுக்கிப் போட்டீங்க.

— பின்ன? ஃபேனுக்குக் கீழ ரெண்டு பாயி. ஜன்னலாண்ட ஒண்ணு, ஏரிக் காத்து வரும். மீதி நாலும் செவுத்தோரம், புழுக்கம். ஏரியிலயும் எறா வர்ற எடம் ஒண்ணு, சேறு மட்டும் வர்ற எடம் ஒண்ணுன்னு இல்ல? இப்ப பாயிக்கெல்லாம் பேரே வெச்சாச்சு. ஃபேன் பாடு, ஜன்னல் பாடு, செவுத்துப் பாடு.

— பூவரசன்னு ஒருத்தர் பாதி வகுப்புல கரண்ட் போச்சுன்னு எழுந்து நின்னு, பாதி முறை பாக்கி இருக்குன்னு என்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போனாரு.

— அது நாயம்தானே. காத்தடிச்சு வலை எறக்க முடியலன்னா மறுநாளும் அவனுக்குத்தான்.

— கடைசி அஞ்சு நிமிஷம் சவாசனம், அசையாம படுக்கணும்னு சொன்னேன். ‘எம் முறை நாள்ல பொணமாட்டம் படுத்தா ஒரு மாசத்துக்கு எறா எட்டிப் பாக்காது’ன்னு நாலு பேர் எழுந்து உட்கார்ந்துட்டாங்க. மீதி மூணு பேர் படுத்தாங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. எழுப்பினா கோபம் வருது.

— முறைன்னா பொழுது சாயிற வரிக்கும் அவனுதுமா. நடுவுல எழுப்பக் கூடாது.

— தலைவரே, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. யோகாங்கிறது ஒரு நாள் வந்து வாரிக் கட்டிக்கிட்டுப் போற சரக்கு இல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா உடம்பு இளகி வரணும். கபடியில ரெய்டு போற பொண்ணு ஒரே மூச்சுல கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே எதிராளி கோட்டுக்குள்ள போகணும். குனியணும், காலை நீட்டித் தொடணும், ஏழு பேர் பாய்ஞ்சு வந்தா வளைஞ்சு திரும்பணும். மூச்சு நீளமா இருக்கணும், பின்தொடை இளக்கமா இருக்கணும், நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் புத்தி நிதானமா இருக்கணும். இதுக்குத்தான் அவங்களுக்கு யோகா. குப்பனுக்கு எதுக்கு?

— குப்பனுக்கு வாயு எறங்குச்சே. எனுக்கும்தான். முட்டியக் கட்டிக்கினு உருளச் சொன்னியே, நாலு வருசமா அடைச்சினு இருந்தது எனுக்கு அன்னிக்குத்தான் போச்சு. எம் பொண்டாட்டியே சொன்னா, அந்த டீச்சரம்மா நல்லா இருக்கட்டும்னு.

— சந்தோஷம். ஆனா நீங்க யாரும் கபடி ஆடப் போறதில்ல.

— ஆடறவங்களும் ஊரு புள்ளைங்கதானே. அப்பன்காரன் யோகா பண்ணா வூட்டுக்கே நல்லதுதான்.

— பெரிப்பா, உள்ள வரலாமா?

— யாரு, வைஷ்ணவியா? வா கண்ணு. டீச்சரம்மா சொல்லி அனுப்புனாங்களா?

— நான்தான் வரச் சொன்னேன். உங்க நாயத்தை இவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னு. வைஷ்ணவி, உட்காரு. காலை மடக்காத, நீட்டியே உட்காரு. போன வருஷம் என்ன ஆச்சுன்னு தலைவர்கிட்ட நீயே சொல்லு.

— அவருக்குத் தெரியும் டீச்சர். ஊருக்கே தெரியும். திருவள்ளூர்ல செலக்‌ஷன். மூணு ரெய்டு போயி நாலு பாயின்ட் எடுத்துட்டேன். நாலாவது ரெய்டுல காலை நீட்டுனேன், தொடைக்குப் பின்னாடி சுருக்குன்னு புடிச்சுது. அங்கியே உக்காந்துட்டேன். எதிர் டீம்ல ஆடுன கோட்டைக்குப்பம் பொண்ணு ஒருத்தி என்னைத் தூக்கினு வந்து வெளிய வுட்டா. வலிகூடப் பெருசா தெரியல. அவ தூக்கினு வந்தா பாருங்க, அதான் இன்னும் தூங்க வுட மாட்டேங்குது.

— இந்த வருஷ செலக்‌ஷன் எப்போ?

— இன்னிலருந்து இருபத்தோரு நாளு. ஜூனியர்ல எனக்கு இதான் கடைசி வருசம். ஸ்டேட் டீமுக்குப் போயிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு எழுதலாம். இல்லன்னா எறாவை உரிக்கப் போகணும்.

— பார்த்தீங்களா தலைவரே? மூணு வாரம், தினமும் இருபது நிமிஷம் முன்னால குனிஞ்சு கால் விரலைத் தொடுற ஆசனம், இடுப்பைத் தூக்கி நிக்கிற ஆசனம், அப்புறம் மூச்சுப் பயிற்சி. அந்தத் தசை நிச்சயம் தாங்கும், நான் பொறுப்பு. ஆனா நடுவுல ஒரு நாளும் விடக் கூடாது. பன்னெண்டு நாள்ல இவளுக்கு ஒரு பாய் கிடைக்கல. சரி, போகட்டும்னு சாயங்காலம் இவ வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டாவது நாளே நீங்க ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பிட்டீங்க.

— பின்ன இன்னாமா? முறை இல்லாத எடத்துல வலை எறக்குனா அதுக்குப் பேரு கள்ள வலை. நீ ஊருக்கு வந்த டீச்சரு. ஒரு வூட்டுக்குப் போயி சொம்மா சொல்லிக் குடுத்தா எம்பத்து நாலு பேரும் எங்க வூட்டுக்கும் வான்னு நிப்பானுங்க. குப்பன் அன்னிக்கே கேட்டான், எஞ் சம்சாரத்துக்கு முட்டி வலி, டீச்சரை எப்ப அனுப்புறன்னு.

— அப்ப என் முறை எப்ப பெரிப்பா?

— கண்ணு, உனுக்கு இன்னாத்த சொல்றது. உங்க வூட்டுப் பேரே நோட்டுல இல்லியேமா. உங்க நைனா வேலு இருந்தப்போ நாப்பத்தொண்ணாம் நெம்பர். அவன் போயிட்டான். ஆம்பளப் புள்ள இருந்தா அவனுக்கு எழுதியிருப்போம். இல்ல. அடிச்சாச்சு. அது நான் போட்ட சட்டம் இல்ல, எங்க தாத்தன் காலத்துது.

— நைனா போன பதினாறாம் நாளு அடிச்சீங்க.

— எனுக்கு மட்டும் மனசு கேட்டுச்சா? அவனும் நானும் ஒரே படவுல போனவங்க.

— மூணு வருசம் ஆச்சு பெரிப்பா. அன்னிலருந்து அம்மா முட்டித் தண்ணியில மண்டி போட்டு கையால எறா தடவுறாங்க. எறா போடுற பறியோட கயித்தைப் பல்லுல கவ்விக்கினு, காலையில எறங்குனா மதியம் வரிக்கும் வாயே தொறக்க மாட்டாங்க. வூட்டுக்கு வந்தப்புறமும் அந்தப் பழக்கம் வுடல. கையால தடவறதுக்கு மட்டும் எந்த நோட்டும் வேணாம்ல, அதான் அங்க வுட்டுட்டீங்க.

— அப்டிச் சொல்லாத கண்ணு. கேக்கவே கஷ்டமா கீது.

— எங்களுக்கும் கஷ்டமாத்தான் கீது.

— ஒண்ணு பண்லாம். உனுக்கு ஒரு கல்யாணம் முடிச்சிட்டா உங்க வூட்டுக்கு ஒரு தலைக்கட்டு வந்துடும். வூட்டோட மாப்புள்ளையா ஒருத்தனைப் பாப்போம். இருபத்தோரு நாள்ல முடியாத காரியம் இல்ல.

— கல்யாணம் ஆனா எனக்கு யோகா முறை வருமா?

— உம் புருசனுக்கு வரும்.

— தலைவரே, அவ தொடைக்கு அவளோட புருஷன் குனிஞ்சா எப்படிங்க சரியாகும்?

— நீ சும்மா இரு டீச்சரம்மா. நானே தலைய சொறிஞ்சினு கீறேன்.

— சரி, அப்ப நான் உங்களைக் கூப்பிட்ட விஷயத்துக்கு வரேன். இந்தப் பிரச்சனை எனக்கும் இவளுக்கும் மட்டும் இல்ல. நேத்து டிரஸ்ட்ல இருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை அவங்க இங்க வராங்க.

— ஐஸ் ரூம் விசயமாவா?

— ஆமா.

— பாத்தியா, நான்தான் சொன்னேனே, வருவாங்கன்னு. நம்ம எறாவுக்கு ஐஸ் வேணும்னா இன்னிக்கும் திருப்பாலைவனம் ரோட்டுல வண்டி வர்றத பாத்துனு நிக்கிறோம். ஐஸ் ரூம் வந்துட்டா வெலைய நாம சொல்லலாம். ஏழு வருசமா அலையிறேன்மா நான்.

— கேளுங்க. முதல் வாரமே நான் போட்டோவும், எண்பத்து நாலு பேர் முறைப் பட்டியலும் அனுப்பினேன். பாய்ல குப்பன், பூவரசன் எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோ. பயந்துகிட்டேதான் அனுப்பினேன். அவங்க என்ன பதில் போட்டாங்க தெரியுமா? ‘ஏழு வீரர்னு திட்டம் போட்டோம், எண்பத்து நாலு வீரர்கள் பயன் அடைஞ்சிருக்காங்க, வாழ்த்துகள்.’ ஆபீஸ் முழுக்கக் கைதட்டுற படம் வேற.

— பரவால்லியே, வெவரம் தெரிஞ்சவங்க.

— ஆனா இப்ப வர்ற பெரிய மேடம் அப்படி இல்ல. வீராங்கனைகளை நேர்ல பார்க்கணும், தினசரி வருகைப் பதிவைப் பார்க்கணும், ஆசனம் செஞ்சு காட்டணும், அதுக்கப்புறம்தான் ஐஸ் ரூமுக்குக் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க. என் பதிவேட்டுல பன்னெண்டு நாள்ல ஒரு பொண்ணு பேரும் இல்ல.

— எழுதிக்கயேன். உங்கிட்டதானே பேனா கீது.

— வராதவங்களை வந்தாங்கன்னு எழுத மாட்டேன்.

— ஐயோ, நீ வேறமா. ஐஸ் ரூமு வரும்னு ஊரே பாத்துனு கீது.

— இன்னைக்குத் திங்கள். நாளையில இருந்து வெள்ளி வரைக்கும் நாலு நாள் நிஜமாவே பொண்ணுங்க பாய்ல இருந்தா, முன்னாடி நடந்ததை நான் உள்ளபடியே சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஐஸ் ரூமுக்கும் பேசுறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் முடியாது.

— அதுக்கு எவனாவது முறையை வுட்டுக் குடுக்கணுமே. உசுரை வுட்டாலும் வுடுவானுங்க, முறையை வுட மாட்டானுங்க.

— எல்லாரும் வுடுவாங்க பெரிப்பா.

— உனுக்கு எப்டித் தெரியும்?

— குப்பன் மாமா அன்னிலருந்து இடுப்பைப் புடிச்சினுதான் படவு ஏறுறாரு. பூவரசன் அண்ணன் ரெண்டாவது சுத்துன்னு கேட்டதும் மாமியா வூட்டுக்குப் போயிட்டாரு. பாதிப் பேருக்குக் கழுத்து திரும்பல. வரலன்னா அந்த முறை பக்கத்து வூட்டுக்காரனுக்குப் போயிடுமேன்னுதான் பல்லைக் கடிச்சினு வராங்க. யாருக்காவது நாயமா குடுத்துட்டா போதும்னு கெடக்குறாங்க.

— அப்ப இவளுக்கு விட்டுக் கொடுக்கச் சொல்லுங்க தலைவரே. முடிஞ்சது.

— அது முடியாதுமா. நோட்டுல பேரு உள்ளவன், நோட்டுல பேரு உள்ளவனுக்குத்தான் வுட்டுக் குடுக்கலாம். வெளி ஆளுக்குக் குடுத்தா ஊரே கைய வுட்டுப் போயிடும். கோட்டைக்குப்பத்துக்காரன் வந்து நம்ம ஏரியில எறங்க மாட்டானா?

— அப்ப எம் பேரை எழுதுங்க.

— இன்னாது?

— நான் வெளி ஆளு இல்லியே. வேலு பொண்ணு. எங்க வூட்டுல இப்ப சம்பாரிக்கிறது நானும் அம்மாவும். ஊர் வரியை இந்த மாசத்துலருந்து கட்டுறேன். நாப்பத்தொண்ணாம் நெம்பர் காலியாத்தானே கீது.

— பொம்பளப் புள்ள பேரை எழுதுனதே இல்ல கண்ணு. நோட்டு போட்ட நாள்லருந்து இல்ல.

— நோட்டு போட்ட நாள்லருந்து யோகாவும்தான் இல்ல.

— அதுக்கு ஊரு கூடணும்.

— ஊரு கூடித்தான் கீது. ரெண்டாம் சுத்துக்கு யாருக்கு எந்தப் பாயின்னு சீட்டு எடுக்க எல்லாரும் கீழ நிக்கிறாங்க. ஜன்னலாண்ட போயி ஒரு வார்த்தை கேளுங்க.

— இது நல்லா இருக்கே. தலைவரே, கேளுங்களேன். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு.

— இருங்கமா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீங்க. கேட்டுத் தொலைக்கிறேன். டேய், எல்லாரும் இங்க பாருங்கடா. இந்த வேலு பொண்ணு பேரை நோட்டுல ஏத்திக்கினா, அவனவன் யோகா முறையை அதுக்கு வுட்டுக் குடுக்கச் சம்மதமா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க, அப்பால மாத்திப் பேசக் கூடாது.

— என்ன சொல்றாங்க?

— இன்னாத்த சொல்றது. நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அத்தினி பேரும் கையத் தூக்கிட்டானுங்க. நேத்து தோளுக்கு மேல கை போவலன்னு அழுத குப்பன் ரெண்டு கையும் தூக்கினு நிக்கிறான்.

— பன்னெண்டு நாள்ல நான் பார்த்த முதல் முன்னேற்றம் தலைவரே.

— கிண்டல் பண்ணாதமா. கண்ணாடி எங்க? கண்ணு, அந்த நோட்டை எடு. பச்சை அட்டை. நாப்பத்தொண்ணாம் பக்கத்தைத் தொற.

— தொறந்துட்டேன். நைனா பேரு மேல ரெண்டு கோடு போட்டு கீது.

— அதுக்குக் கீழ எழுதறேன். வைஷ்ணவி, தகப்பன் பேரு வேலு. வயசு இன்னா, பத்தொம்பதா? சரி. ‘ஊர் சம்மதத்தின் பேரில்.’ இங்க கையெழுத்து போடு. கைநாட்டு இல்ல, கையெழுத்து. எம்பத்து நாலு பேர்ல இருவது பேரு கைநாட்டுதான்.

— போட்டுட்டேன்.

— அழறியா இன்னா?

— இல்ல பெரிப்பா. நைனா பேரைப் பக்கத்துல பாத்தேன்.

— சரி சரி. கண்ணைத் தொடைச்சுக்கோ. ஐஸ் ரூமு வரட்டும், எல்லாருக்கும் நல்லதுதான். டீச்சரம்மா, நீயும் ஒரு வெவரம் தெரிஞ்சுக்கோ. நோட்டுல புதுசா ஏறுன பேருக்கு அடுத்த நாள் எதுலயும் மொத முறை. அது இந்த ஊரு மரியாதை. நாளிக்கு ஃபேன் பாடு இவளுக்குத்தான், சீட்டு கெடையாது.

— மீதி ஆறு பாய்?

— எல்லாத்தையும் இவளுக்குத்தானே வுட்டுக் குடுத்துட்டானுங்க. பாடு உள்ளவங்க கூட யாரை ஆளா இட்டுனு போறாங்கன்றது அவங்க இஷ்டம்.

— அப்ப டீம் பொண்ணுங்க ஆறு பேரையும் நான் இட்டுனு வரேன் டீச்சர்.

— அப்பாடா. வைஷ்ணவி, இருபத்தோரு நாளும் எனக்கு முழுசா வேணும். நாளைக்கு ஆறு மணிக்குச் சரியா வந்துடு. சாப்பிடாம வரணும். முதல்ல மூச்சு, அப்புறம் கால்.

— வந்துடறேன் டீச்சர். ஆனா நாளிக்கு மட்டும் கிளாசை அஞ்சு மணிக்கே வெச்சுக்கலாமா? ஏழு மணிக்கு எங்கம்மா வடக்குப் பாடுல வலை எறக்குறாங்க, பாடு என் பேர்ல கீறதால நானும் படவுல இருக்கணும்.